பாக்கெட்டின் முதுகு

அரசாங்கத்தை எதிர்த்துப் பேசுவது என்று முடிவு செய்தேன். உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு இல்லை. நடந்துகொண்டே எடுத்தது. எனக்கு உட்கார வராது. எட்டு மாதத்துக்கு முன் டாக்டர் என் நெஞ்சுக்குள் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார். அதற்குப் பிறகு இன்னும் மோசம். கூடத்திலிருந்து சமையலறைக்குப் பதினோரு எட்டு. சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பத்து. வரும்போது ஒன்று ஏன் குறைகிறது என்று இன்றுவரை விளங்கவில்லை.

விஷயம் இதுதான். சுகாதாரத் துறை புதுசாக ஒரு விதி கொண்டுவரப் போகிறதாம். உப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றில் எது மிஞ்சினாலும் பாக்கெட்டின் முன்பக்கம் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை எழுத வேண்டும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சிப்ஸ் தொங்கக் கூடாது. குழந்தைகள் கண் உயரத்தில் சாக்லேட் வைக்கக் கூடாது. பாக்கெட் மேல் பொம்மைப் படம் கூடாது. இதயநோய் குறையுமாம். நகர்மன்றக் கூடத்தில் அடுத்த மாதம் மக்கள் கருத்துக் கேட்பு.

மக்கள் என்றால் நானும்தான்.

நான் சாதாரண மக்கள் இல்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரு சிப்ஸ் கம்பெனியில் டிஸ்ப்ளே சூப்பர்வைசர். கடை கடையாகப் போய் அலமாரி அடுக்கினவன். எந்தத் தட்டில் வைத்தால் எந்தக் கை நீளும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எந்தக் கடைக்குள் போனாலும் என் விரல் சும்மா இருக்காது. திரும்பிக் கிடக்கும் பாக்கெட்டையெல்லாம் முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிடும். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் பிஸ்கட் டின்னைத் திருப்பி வைத்தேன். செத்துப்போனவரின் மச்சான் முறைத்தார்.

காலையில் கம்பெனியின் இப்போதைய மேனேஜர் போன் செய்தான். என்னிடம் தொழில் கற்ற பயல். இப்போது டை கட்டுகிறான்.

"சார், நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"நீயே பேசேன்."

"கம்பெனி ஆள் பேசினா லாபத்துக்குப் பேசறான்னுடுவாங்க சார். நீங்கன்னா நோயாளி..."

"என்னது?"

"அனுபவஸ்தர்னு சொன்னேன் சார். லைன் சரியில்லை."

லைன் சரியாகத்தான் இருந்தது. போகட்டும். என்னைத் தேடி ஒருவன் போன் செய்து எட்டு மாதம் ஆகிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முப்பத்தொரு வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவள். இரண்டு பேருக்குமே அலமாரி உத்தியோகம். நான் பார்த்ததும் கை நீளும்படி வைப்பேன். அவள், தேடுகிறவன் கையிலும் சிக்காதபடி வைப்பாள். ஓய்வு பெற்ற அன்று நூலகத்தில் கடிகாரம் கொடுத்தார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புத்தகத்தில் குத்தும் பழைய தேதி முத்திரையைக் கேட்டு வாங்கி வந்தாள். அப்படிப்பட்ட பெண்.

"அங்க போய் என்ன பேசப் போறீங்க?"

"மனுஷன் தனக்கு வேணும்கிறதைத் தின்பான். கட்டம் போட்டா நிக்குமா? அலமாரியில எங்க வச்சா என்ன?"

"எங்க வச்சாலும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அப்ப முப்பத்தஞ்சு வருஷம் உங்களுக்கு எதுக்குங்க சம்பளம் குடுத்தான்?"

நான் ஜன்னல் பக்கம் நடந்தேன். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

"அது வேற," என்றேன்.

"எது வேற?"

"எந்தக் கம்பெனி பாக்கெட்டை எடுக்கறாங்கறதுக்குத்தான் அலமாரி. தின்னறவன் எப்படியும் தின்பான்."

"நீங்க?"

"நானும்தான். நான் என்ன சின்னப் பிள்ளையா? வேணும்னா தின்பேன். வேண்டாம்னா விடுவேன்."

"தினம் பேப்பர் வாங்கப் போறப்ப ஒரு பாக்கெட் வாங்கித் தின்னுட்டு வர்றீங்களே, அது வேணும்னா, வேண்டாம்னா?"

எனக்கு நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. நோயால் இல்லை.

"யார் சொன்னா?"

"உங்க சட்டைப் பை. எட்டு மாசமா உப்பு உதிருது."

இந்த எட்டு மாதமும் வீட்டுக்குள் சிப்ஸுக்குத் தடை. எனக்கும் பத்திய வாழ்க்கை வாழ்வதாகத்தான் நினைப்பு. ஆனால் தெருமுனைக் கடையில் பேப்பர் வாங்க நிற்பேன். கல்லாவுக்குப் பக்கத்தில் பாக்கெட் தொங்கும். அப்படித் தொங்கவிடச் சொல்லி அந்தக் கடைக்காரனின் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சில்லறை வாங்குவதற்குள் கை எடுத்துவிடும். வீடு வருவதற்குள் வாய் முடித்துவிடும். இதில் எனக்கு எங்கே பங்கு?

மாட்டிக்கொண்டால் எகிறிவிடுவது என் வழக்கம். எகிறினேன்.

"ஆமா, தின்னேன். எனக்கு வேணும், தின்னேன். நீ எங்க ஒளிச்சு வச்சாலும் தின்பேன். பந்தயம் கட்டறியா?"

"எதுக்குங்க பந்தயம்?"

"முப்பது நாள். கடைக்கு நான் போகலை. பேப்பர் வீட்டுக்கே வரட்டும். பாக்கெட்டை நீயே வாங்கி உனக்கு இஷ்டமான இடத்துல வை. தினம் ஒண்ணு எடுத்துத் தின்னுகாட்டறேன். தின்னுட்டேன்னா அப்புறம் என் சாப்பாட்டு விஷயத்துல நீ வாயே தொறக்கக் கூடாது. உப்பு, எண்ணெய், டாக்டர், எதுவும். கடைசி வரைக்கும்."

"உங்க கடைசி வரைக்குமா, என் கடைசி வரைக்குமா?"

"ரெண்டுல எது முதல்ல வருதோ அது."

அவள் கை பட்டாணித் தோலில் நின்றது. பிறகு மறுபடியும் உரித்தாள்.

"நீங்க தோத்தா?"

"நீயே சொல்லு."

"அந்தக் கூட்டத்துல நான் ஒரு நிமிஷம் பேசணும். நீங்க குறுக்க பேசாம கேக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷத்தில் யாருக்கும் நான் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்ததில்லை. சரி என்றேன். அவளும் சரி என்றாள். உடனே சரி என்றாள். டாக்டர் சொன்னதைக் கல்வெட்டு மாதிரி ஒப்பிப்பவள், வீட்டுக்குள் சிப்ஸ் வர ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டாள். நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். எனக்கு அவசரம்.

எங்கள் குடியிருப்பில் மூன்று மாடி. எங்கள் வீடு தரைத்தளம். லிஃப்ட் கிடையாது. மொட்டை மாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் உடைசல் போட ஒரு சின்ன அறை. மறுநாள் காலை என் மனைவி அந்த அறைச் சாவியை மேஜையில் வைத்தாள்.

"மேல இருக்கு."

"மேல எங்க?"

"பழைய புத்தக அலமாரி. அடித்தட்டு. பின்வரிசை."

"குனியணுமா?"

"உக்காரணும். லைப்ரரியில யாரும் கேக்காத புத்தகத்தை அங்கதான் வைப்போம்."

ஐம்பத்து நான்கு படி. முதல் நாள் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். டாக்டர் எட்டு மாதமாக மாடிப்படி ஏறச் சொல்கிறார். மெதுவாக, தினமும். அவர் சொன்னதற்காக ஒரு படி ஏறினவன் இல்லை நான். சிப்ஸுக்காக ஏறினேன். அறையைத் திறந்து, சப்பணம் போட்டு உட்கார்ந்து, கையை உள்ளே விட்டேன். மூன்று பாக்கெட். சிவப்பு, பச்சை, மஞ்சள். மூன்றையும் முகம் தெரியும்படி திருப்பி வைத்தேன். சிவப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே அவள் தயாராக இருந்தாள். மேஜையில் ஒரு அட்டை. அதில் தேதி, நிறம், கையெழுத்து என்று மூன்று பத்தி.

"இது என்ன கூத்து?"

"எடுத்ததுக்கு ஆதாரம் வேண்டாமா? நாளைக்குக் கூட்டத்துல உங்களுக்குத்தான் உதவும்."

நியாயம். கையெழுத்துப் போட்டேன். பாக்கெட்டை வாங்கினாள். டப். டப். இரண்டு முறை முத்திரை குத்தினாள். திருப்பிக் கொடுத்தாள். ஒரு அட்டைக்கு எதற்கு இரண்டு டப் என்று கேட்டேனா? இல்லை. முகம் என் பக்கம் இருந்தது. எனக்கு அது போதும்.

அன்றைய பாக்கெட்டை அவள் கண் எதிரிலேயே பிரித்துத் தின்றேன். கரகரவென்று. வெற்றி என்றால் அதுதான்.

இரண்டாம் நாள் ஐம்பத்து நான்கு படி ஏறினேன், இறங்கினேன். கையெழுத்து, டப், டப். நாற்காலிக்கு வந்தேன். கைப்பிடிக்குப் பக்கத்தில், சரியாக என் முழங்கை உயரத்தில், ஒரு தட்டு. வெள்ளரிக்காய் நறுக்கி வைத்திருந்தாள். மூச்சு இரைத்தது. தண்ணீர் மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. தட்டு எப்போது காலியானது என்று எனக்குத் தெரியாது. சிப்ஸ் மடியில் அப்படியே இருந்தது. பிரிக்கத் தோன்றவில்லை.

இங்கேதான் சங்கடம். பந்தயப்படி தின்றாக வேண்டும். தின்ன மனசில்லை. நான் சொன்னது என்ன? வேணும்னா தின்பேன், வேண்டாம்னா விடுவேன். இப்போது வேண்டாம். விட்டால் தோற்றேன்.

மனைவி துணி உலர்த்தப் போனாள். நான் பின்பக்கப் பால்கனிக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பால்கனி கை நீட்டினால் தொடும் தூரம். அங்கே இருப்பவன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். மெதுவாகப் பேசினாலே தெரு ஒதுங்கி வழிவிடும். குடியிருப்பில் எல்லோருக்கும் அவன் ஹார்ன்.

"என்னண்ணே!" என்றான்.

"கத்தாத. இந்தா, பிடி."

"சிப்ஸா! எனக்கா!"

"மெதுவாடா. தினம் ஒண்ணு தருவேன். தின்னுடு. வீட்டுல மூச்சு விடாத."

"எதுக்குண்ணே?"

"உன்மேல பிரியம்."

"நாப்பது வருஷமா இல்லாம இப்ப என்ன திடீர்னு?"

"வேணுமா, வேண்டாமா?"

"குடுங்கண்ணே, குடுங்க."

பிரச்சினை தீர்ந்தது. தினம் ஏறுவேன், எடுப்பேன், கையெழுத்து, டப், டப், பால்கனி. கேட்டால் தின்றேன் என்பேன். மனைவியும் கேட்பாள்.

"தின்னாச்சா?"

"ஆச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"மொறுமொறுன்னு."

"நேத்துக்கு இன்னிக்கு?"

"இன்னிக்குக் கொஞ்சம் உப்பு ஜாஸ்தி."

என் நாக்கை நானே மெச்சிக்கொண்டேன். தின்னாத சிப்ஸில் உப்பு பார்த்துச் சொல்வது எல்லோராலும் முடியாது.

இன்னொன்றையும் மெச்சினேன். எப்போது மேலே போனாலும் அலமாரியில் மூன்று பாக்கெட் இருக்கும். ஒன்று கூடவோ, ஒன்று குறையவோ இருந்ததில்லை. எடுத்தது அன்றன்றைக்கே நிரம்பிவிடும். கம்பெனியில் இப்படி ஒரு ஆள் கிடைக்காமல் நான் எத்தனை வருஷம் அவதிப்பட்டேன்! வீட்டிலேயே இருந்திருக்கிறாள். பாக்கெட்டின் மூலை மட்டும் கொஞ்சம் கசங்கியிருந்தது. கடைக்காரன் பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டுகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நல்லதாக வாங்கிவிடுவாள்.

இருபதாம் நாள் வாக்கில் இரண்டாம் மாடியில் நிற்க மறந்தேன். நேராக மேலே போய்விட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

முப்பது நாள் முடிந்தது. முப்பது கையெழுத்து. அட்டையை உறையில் போட்டு, இஸ்திரிச் சட்டை மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்குக் கிளம்பினேன். மனைவி ஒரு துணிப்பையுடன் கூடவே வந்தாள்.

"நீ எதுக்கு? நான்தான் ஜெயிச்சாச்சே."

"நீங்க பேசறதைக் கேக்க வேண்டாமா?"

நாற்பது வருஷத்தில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்க வருகிறாள். மனசு குளிர்ந்தது. இதிலும் உஷாராகவில்லை.

நகர்மன்றக் கூடம். மேடையில் நீள மேஜை, மூன்று தண்ணீர்ப் பாட்டில், ஒரு மைக். நடுவில் சுகாதாரத் துறை அதிகாரி. ஐம்பது வயதுப் பெண்மணி. பக்கத்தில் ஒரு கிளார்க், பெரிய பதிவேட்டுடன். முன்வரிசையில் எங்கள் மேனேஜர், டையுடன். பின்னால் கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியைகள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள். ஹார்னும் வந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன்.

"நான் முப்பத்தஞ்சு வருஷம் அலமாரி அடுக்கினவன். நெஞ்சுல ஸ்டென்ட் வச்சவன். ரெண்டு பக்கமும் தெரிஞ்சவன். சுருக்கமா சொல்றேன். மனுஷன் தின்னறது மனசால, அலமாரியால இல்லை. என் உடம்பையே பரிசோதனைக்கு வச்சேன். என் வீட்டுல சிப்ஸை மூணு மாடிக்கு மேல, அடித்தட்டுல, பின்வரிசையில வச்சாங்க. அப்பவும் தினம் ஏறிப் போய் எடுத்துத் தின்னேன். முப்பது நாள், முப்பது பாக்கெட். இதோ கையெழுத்து. இதோ முத்திரை. கட்டம் போட்டாலும் சரி, கண்ணுக்கு மறைச்சாலும் சரி, ஒண்ணும் நடக்காது. கடைக்காரங்களைச் சும்மா தொந்தரவு பண்ணாதீங்க."

கைதட்டல். மேனேஜர் எழுந்து நின்று தட்டினான். அதிகாரி அட்டையை வாங்கிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். முதல்முறையாக அந்த அம்மாள் முகத்தில் ஒரு தயக்கம்.

"இதை வேற யாராவது பாத்தவங்க இருக்காங்களா?"

"நான் இருக்கேம்மா," என்று எழுந்தாள் என் மனைவி. "முத்திரை குத்தினதே நான்தான். ஒரு நிமிஷம் பேசலாமா?"

"ஏய், அது நான் தோத்தாத்தான்..." என்றேன்.

"ஆமாங்க," என்றாள்.

மைக்குக்கு வந்தாள். துணிப்பையிலிருந்து மூன்று பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள். பிரிக்காதவை. என் கை தானாக நீண்டு, கோணலாக நின்ற பச்சையை நேராக்கி வைத்தது.

"அவர் எடுத்தது முப்பது தடவை. நான் வாங்கினது நாலே பாக்கெட். ஒண்ணை முதல் நாளே தின்னுட்டார். அது வாஸ்தவம். மீதி மூணும் இதுதான்."

கூடத்தில் சலசலப்பு. அவள் சிவப்புப் பாக்கெட்டைத் திருப்பினாள். முதுகில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுவார்களே, அந்தத் தேதித் தாள். அதில் வரிசையாக, ஊதா மையில், பத்துத் தேதி.

பச்சையைத் திருப்பினாள். பத்து. மஞ்சள். ஒன்பது.

"பால்கனி வழியாப் பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுத் தம்பி வாசல் வழியா எங்கிட்ட திருப்பிக் குடுப்பார். நான் மேல கொண்டுபோய் வச்சுடுவேன். லைப்ரரியில செய்யற வேலைதானே."

"டேய் ஹார்ன்!" என்றேன்.

"அண்ணி கேட்டா குடுக்காம இருக்க முடியுமாண்ணே!" என்று மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "எனக்கும் சுகர் இருக்கே!"

கூடமே சிரித்த சிரிப்பில் மேஜை மேல் இருந்த தண்ணீர்ப் பாட்டில் ஆடியது. மேனேஜர் எழுந்தான்.

"மேடம், இது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். குறிப்புல ஏறக் கூடாது."

"உக்காருங்க," என்றார் அதிகாரி. "அம்மா, நீங்க சொல்லுங்க."

"இவரைச் சிரிப்பாக்க வரலைம்மா நான்," என்றாள் மனைவி. "இவ்வளவு பெரிய தாளை ஒட்டியிருக்கேன். முப்பது நாள் கையில எடுத்திருக்கார். ஐம்பத்து நாலு படி கொண்டுவந்திருக்கார். ஒரு தடவை திருப்பிப் பாக்கலை. பாக்கெட்டோட பாதி வாழ்க்கை வாழ்ந்தவர் இவர். இவரே முதுகைப் பாக்கலைன்னா வேற யார் பாப்பாங்க? உப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு கம்பெனி அங்கதான் எழுதுது. எறும்பு எழுத்துல."

மஞ்சள் பாக்கெட்டை மேஜையில் வைத்தாள். குரல் இறங்கியது.

"இவர் விழுந்த அன்னிக்குக் காலையில ஒன்பது மணி. கையில பாக்கெட். ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்பவும் விடலை. ஆஸ்பத்திரியில நான்தான் விரலைப் பிரிச்சு வாங்கினேன். உள்ள கொண்டுபோய்ட்டாங்க. அஞ்சு மணி நேரம் வராந்தாவுல உக்காந்திருந்தேன். கையில படிக்க ஒண்ணும் இல்லை. அந்தப் பாக்கெட்டைப் படிச்சேன். என் கண்ணாடிக்குத் தெரியலை. பக்கத்துல இருந்த ஒரு பொண்ணு படிச்சுச் சொன்னா. அந்த ஒரு பாக்கெட்லயே ஒரு நாள் உப்புல பாதிக்கு மேல. நான் புத்தகத்தோட இருந்தவ. மடிச்சுக் குடுத்த காகிதத்தைக்கூடப் பிரிச்சுப் படிக்கறவ. எங்க வீட்டுல நாப்பது வருஷமா கிடந்த அதை மட்டும் அன்னிக்குத்தான் படிச்சேன். முன்னாடி எழுதியிருந்தா முன்னாடியே படிச்சிருப்பேன். அவ்வளவுதாம்மா."

இது எனக்குத் தெரியாது. இத்தனை மாதத்தில் அவள் சொல்லவில்லை. நான் நடந்துகொண்டே இருந்தால் எப்படிச் சொல்வாள்? பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"சார், நேரா சொல்லுங்க. ஏன் தின்னலை?"

"மூணு மாடிம்மா," என்றேன். "ஏறி இறங்கினா தின்னற ஆசையே போயிடுது."

"நாற்காலி பக்கத்துலயே இருந்திருந்தா?"

மேனேஜர் என்னையே பார்த்தான். மனைவி பார்க்கவில்லை. பாக்கெட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தின்னிருப்பேன்," என்றேன். "மூணையும்."

"அப்ப அலமாரியில எங்க இருக்குங்கறது முக்கியம்தான்."

"அதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளம் குடுத்தான்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கிளார்க் என் முன்னால் விதியின் நகலை வைத்திருந்தான். பார்த்தேன். பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது. தொழில் தெரியாதவன் எழுதியது.

"யாரும்மா இதை எழுதினது? எச்சரிக்கைக் கட்டத்தைக் கீழ் மூலையில போடலாம்னு இருக்கு. அங்கதான் விரல் வரும். பிடிச்சா மறைஞ்சிடும். மேல போடணும். வலது பக்கம். கட்டை விரல் அளவு பத்தாது, உள்ளங்கை அளவு வேணும். இங்க பாருங்க, கல்லாவிலேருந்து நாலடி தள்ளின்னு போட்டிருக்கு. நாலடி எந்த மூலைக்கு? பிள்ளை அம்மா கையை இழுத்துட்டுப் போயிடும். பத்தடி போடுங்க. நடுவுல சோப்பு அடுக்குங்க. சோப்பைத் தாண்டி எந்தப் பிள்ளையும் அடம் பிடிக்காது."

"கீழ் மூலைங்கறது எங்க தரப்பு யோசனை சார்," என்று மேனேஜர் முனகினான்.

"தெரியுதுடா. சொல்லிக்குடுத்தவன் நான்தானே."

அதிகாரி எழுதிக்கொண்டார். பத்து நிமிஷம் பேசினேன். இரண்டு வார்த்தை பேச வந்தவன். பேசி முடித்தபோது அரசாங்கத்தின் விதி முன்னைவிட இரண்டு பங்கு கடுமையாகியிருந்தது. மேனேஜரைக் காணவில்லை. நாற்காலியில் அவன் எனக்குத் தர வைத்திருந்த பொன்னாடை மட்டும் இருந்தது.

கிளார்க் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சார், இதுல ஒரு கையெழுத்து. எதிர்ப்புன்னா இந்தப் பக்கம், ஆதரவுன்னா அந்தப் பக்கம்."

மனைவியைப் பார்த்தேன். அவள் விட்டத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆதரவு," என்றேன். "எழுதிக்க. பேரு..."

"பேரெல்லாம் இருக்கு சார்."

பக்கத்தைப் புரட்டினான். ஆதரவுப் பட்டியல். முதல் வரியில் என் பெயர், வயது, முகவரி. என் மனைவியின் குண்டு எழுத்து. பக்கத்தில் ஊதா மையில் ஒரு தேதி. சரியாக ஒரு மாதத்துக்கு முந்தையது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

"அம்மா அன்னிக்கே வந்து எழுதிட்டுப் போயிட்டாங்க சார்," என்று கிளார்க் பேனாவை நீட்டினான். "நீங்க படியேறி இறங்கி வர ஒரு மாசம் ஆகும்னாங்க."